தலைமுடியின் சாட்சியம்

கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்ற கேள்வி தமிழருக்குப் புதிதன்று. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டைச் சுற்றி எழுந்த திருவிளையாடற் கதையில் நக்கீரர் வாதிட்டது இதைத்தான்: மணம் கூந்தலுடையதன்று; சூடிய பூவும் பூசிய சாந்தும் தந்தது. கதையின் முடிவை நாம் அறிவோம். ஆனால் கேள்வி முடிந்துவிடவில்லை. ஒருவருடைய தலைமுடியில் போதைதரும் மருந்தொன்றின் கூறு தென்பட்டால், அது குருதி வழியே உள்ளிருந்து வந்ததா, வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டதா என்று இன்றைய ஆய்வகங்கள் அதே கேள்வியைக் கேட்கின்றன. உள்ளிருந்து வந்ததெனில், எதற்காக உட்கொள்ளப்பட்டது என்பது அடுத்த கேள்வி. முதற்கேள்விக்கு வேதியியல் பெருமளவு விடை கண்டிருக்கிறது. இரண்டாவதன் விடை முடியில் இல்லை. அவ்விடையைத் தேடவேண்டிய இடங்களைத் தென்சென்னையின் வரலாறே நமக்குக் காட்டுகிறது.

சென்னை மாகாண அரசின் வேதியியல் பரிசோதகருக்கான ஆய்வகம் 1849இல் நிறுவப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதலாவது. கல்கத்தாவில் 1853இலும் ஆக்ராவில் 1864இலும் பம்பாயில் 1870இலும் பின்னரே தோன்றின. அக்காலத்தில் நஞ்சு என்றால் முதலில் நினைவுக்கு வந்தது பாஷாணம், அதாவது ஆர்சனிக். அதைக் கண்டறியும் சோதனையை இங்கிலாந்தின் ஜேம்ஸ் மார்ஷ் 1836இல் வெளியிட்டிருந்தார். பாஷாணம் முடியிலும் தங்கும் என்பதை 1850களில் ஜெர்மானிய மருத்துவர் காஸ்பர் எழுதினார். புதைத்துப் பதினோராண்டு கழித்துத் தோண்டியெடுத்த உடலின் முடியில் அது கிடைத்தது. தசை அழிந்த பின்னும் சாட்சி சொல்ல முடி எஞ்சியிருந்தது. சென்னையில் அந்த ஆய்வக மரபின் வாரிசு, மயிலாப்பூர்ப் பகுதியில் காமராசர் சாலையில் இருக்கும் தமிழ்நாடு தடய அறிவியல் துறை. 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, வெடித்தது இடுப்பில் கட்டிய குண்டு என்று சிதறல்களிலிருந்து நிறுவிய பேராசிரியர் ப. சந்திரசேகரன் இத்துறையின் இயக்குநராக இருந்தவர்.

பாஷாணத்திலிருந்து அபினிக்கு வர ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. முடியில் அபினிவகைப் பொருளைக் கதிரியக்க எதிர்ப்பொருள் முறையால் காணலாம் என்று அமெரிக்காவில் பௌம்கார்ட்னரும் உடன் ஆய்வாளர்களும் 1979இல் எழுதினர். அவர் பின்னர் கவிஞர் கீட்ஸின் முடியையும் சோதித்து, அதில் அபினிக் கூறு இருந்ததாகக் கண்டார். 1821இல் காசநோயால் இறந்த கீட்ஸ், அபினிச் சாராயமான லாடனத்தை மருந்தாக உட்கொண்டவர். இச்செய்தி இலக்கிய வாசகருக்குச் சுவையானது, எச்சரிக்கையும் ஆவது. கவிஞர் நோயாளி என்பது நமக்கு வரலாற்றால் தெரியும். அவருடைய முடி மட்டும் கிடைத்து, பெயரும் கதையும் தொலைந்திருந்தால் நாம் என்ன எழுதியிருப்போம்?

சோதனையின் வழி எளிதில் விளங்கக்கூடியது. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. வேரைச் சூழ்ந்த நுண்குழாய்கள் வழியே மருந்து வளரும் முடிக்குள் சேர்ந்து, அங்கேயே உறைந்துவிடுகிறது. ஆகவே தலையின் பின்னுச்சியில் தோலையொட்டி வெட்டி, வேர்முனை எதுவென்று குறித்து, சென்டிமீட்டர் கணக்கில் துண்டாக்கினால், மூன்று சென்டிமீட்டர் என்பது மூன்று மாதத்துக் குறிப்பேடு. சிறுநீர் பெரும்பாலும் சில நாட்களையே நினைவில் வைத்திருக்கும். குருதியின் நினைவு அதனினும் குறைவு. மாறாக, சென்ற வாரத்தில் நடந்தது முடியில் தெரியாது. அத்துண்டு இன்னும் தோலுக்கு மேல் வந்திராது. ஒரேயொரு வேளை உட்கொண்டதும் பலசமயம் தெரியாமற்போகும். வெளியழுக்கை நீக்க முடியைக் கரைப்பான்களில் கழுவி, அக்கழுவுநீரையும் சோதிப்பர். உடல் செரித்து உருமாற்றிய பொருளும் முடியில் இருக்கிறதா என்று பார்ப்பர்; ஃபென்டனிலுக்கு நார்ஃபென்டனில், புப்ரெனார்பினுக்கு நார்புப்ரெனார்பின். வெறும் தூசாக ஒட்டியது என்ற வாதம் அங்கே வலுவிழக்கும். நக்கீரருக்கு வேதியியல் தரும் விடை இது.

எனினும் கேட்டதற்கு மட்டுமே முடி பதில் சொல்லும். மார்பினைத் தேட அமைத்த முதற்கட்டச் சோதனை ஃபென்டனிலையோ ட்ரமடாலையோ டபென்டடாலையோ காணாது. அவை அபினியிலிருந்து பிறந்தவையல்ல, ஆய்வகத்தில் தொகுக்கப்பட்டவை. நிறைமாலை கருவிகளைக் கொண்டு ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தேடவேண்டும். சென்னையின் கதையோ பெயர்கள் மாறிவந்த கதை. 1980களில் பிரவுன் சுகர் எனப்பட்ட ஹெராயின். 1990களில், அபினியின் கூறொன்றிலிருந்து பாதி செயற்கையாக உருவான வலிமருந்தான புப்ரெனார்பின் ஊசி. ஊசியைப் பகிர்ந்தோரிடையே எச்.ஐ.வி. பரவியது. 1993இல் டாக்டர் சுனிதி சாலமன் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர், தியாகராய நகர் ராமன் தெருவில் இயங்கிய காலத்தில் இவர்களையும் கண்டது. ட்ரமடால் 2018 ஏப்ரலில் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் சேர்ந்தது. அண்மை ஆண்டுகளில் நகரச் செய்திகளில் திரும்பத் திரும்ப வருவது, டபென்டடால் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்கள்.

இனி அந்த இரண்டாவது கேள்வி. அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயன்று 1954இல் உருவாக்கிய புற்றுநோய் நிலையம் இருக்கிறது. முற்றிய புற்றுநோயின் வலிக்கு மார்பினும் ஃபென்டனிலும் கருணையே. அவை நோயாளிக்கு எளிதில் கிடைக்கவேண்டும் என்றுதான் நாடாளுமன்றம் 2014இல் சட்டத்தைத் திருத்தியது. அதே அடையாற்றின் இந்திரா நகரில், தம் கணவர் நினைவாக சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது, இங்கே அதே குடும்பத்து மருந்துகள், தீர்க்கவேண்டிய நோய். ஆற்றின் வடக்கே, மயிலாப்பூரின் கடற்கரைச் சாலையில் அவை வழக்கின் சான்றுப் பொருள். ஓர் ஆட்டோ சவாரித் தொலைவுக்குள் மூன்று வாசல்கள். மூன்றிலும் முடி சொல்வது ஒரே எண்ணாக இருக்கலாம், பொருள் மூன்று. இன்னொன்றும் உண்டு. 1990களில் இந்நகரைச் சீரழித்த அதே புப்ரெனார்பின், பின்னர் நாவின்கீழ் வைக்கும் மாத்திரையாக, ஹெராயினிலிருந்து மீட்கும் அரசுத் திட்டத்தின் மருந்தாயிற்று. இன்று ஒருவர் முடியில் அது தென்பட்டால், அவர் விழுந்துகொண்டிருக்கிறார் என்பதினும் எழுந்துகொண்டிருக்கிறார் என்பதே உண்மையாக இருக்கலாம்.

நம் மண்ணுக்குரிய கவலைகளும் சில உள. இம்மருந்துகள் பல, முடியின் கருநிறமியான மெலனினோடு கூடுதலாகப் பிணைவன. ஒரே அளவு உட்கொண்டாலும் பொன்னிறத் தலையைவிடக் கருந்தலையில் அதிகம் சேரும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மேலைநாட்டு வரம்பெண்ணை அப்படியே நம் தலைமேல் வைப்பது நியாயமாகாது. மொட்டைத்தலையை மறைப்பு முயற்சி என்று ஐயுறுவது பிறநாட்டு வழக்கம். பழனிக்கும் திருப்பதிக்கும் முடி காணிக்கை தருவோர் வாழும் ஊரில், தந்தைக்குக் கொள்ளிவைத்த மகன் தலைமழிக்கும் ஊரில், அந்த ஐயம் செல்லாது.

சட்டம் இங்கே எங்கே நிற்கிறது? 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் மருத்துவச் சோதனைப் பிரிவில் தலைமுடி மாதிரி பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. அப்பிரிவு இன்று புதிய சட்டத்திலும் தொடர்கிறது. ஆனால் அது கைதானவரைப் பற்றியது. விசாரணைக்கு அழைக்கப்பட்டவரிடம் ஒப்புதலின்றி முடியோ நகமோ குருதியோ எடுக்கலாகாது என்று 2017இல் ஹைதராபாத் உயர்நீதிமன்றம் கூறியது. 2020இல் கன்னடத் திரையுலகினர் சிலர்மீதான பெங்களூரு வழக்கில், ஹைதராபாத் மத்திய ஆய்வகத்துக்கு அனுப்பிய முடி மாதிரிகளின் அறிக்கை 2021 ஆகஸ்டில் வெளியானது. அதற்குள் செய்தித்தாள்கள் தம் தீர்ப்பை எழுதி முடித்திருந்தன.

1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் இரண்டு பிரிவுகளை அருகருகே வைத்துப் படிக்கவேண்டும். 27ஆம் பிரிவு உட்கொண்டவரைத் தண்டிக்கிறது. 64அ பிரிவு, தாமாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமையுற்றவரை வழக்கிலிருந்து காக்கிறது. முதற்பிரிவை ஊரே அறியும். இரண்டாவதை அறிந்த பெற்றோரைக் காண்பது அரிது. மூன்று சென்டிமீட்டர் முடியை மருத்துவர் படித்தால், எந்த மாதத்தில் மகன் தவறினான், எந்த மாதத்தில் மீண்டான் என்று கூட அமர்ந்து பேசலாம். அதையே காவலர் படித்தால், மூன்று மாதத்துக் குற்றப்பட்டியல். முடி காலத்தைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. ஆகவே மருத்துவரின் சீட்டும் சிகிச்சைப் பதிவேடும் உடன்வராத எந்த முடி அறிக்கையையும் பாதிச் சாட்சியமாகவே நாம் கொள்ளவேண்டும். மீதிப்பாதியைச் சொல்ல வேண்டியவர் அந்த முடிக்கு உரியவர். அச்சமின்றி அவர் அதைச் சொல்லக்கூடிய வாசல் அடையாற்றில் திறந்தே இருக்கிறது.