'வேர்க்', 'லேபர்': இரு சொற்களின் சமூக வரலாறு

ஒருபொருட் சொற்களென அகராதிகள் குறிப்பனவற்றிடையே முழுமையான பொருளொருமை காணப்படுதல் அரிது. ஆங்கிலத்தில் 'வேர்க்', 'லேபர்' என்னும் சொற்கள் இதற்குத் தக்க சான்றாகும். அவற்றின் வேறுபாடு சொல்நயத்தின்பாற்பட்டதன்று; மனித உழைப்பு விற்பனைப் பண்டமாக மாறிய வரலாறே அதனுட் பொதிந்துள்ளது என்பது நமது கருத்து.

'வேர்க்' பழைய ஆங்கிலத்தினின்றும் வழிவருவது. செய்கையையும் செய்யப்பட்ட பொருளையும் அது ஒருங்கே சுட்டும்; ஓவியனின் ஆக்கமும் 'வேர்க்' எனப்படும். 'லேபர்' இலத்தீன் மூலத்தினின்றும் பழைய பிரெஞ்சு வழியாகப் புகுந்தது. வருத்தம், சிரமம் என்னும் பொருட்சாயல்களை அது உடன்கொணர்ந்தது. மகப்பேற்று வேதனையையும் அச்சொல்லே பிற்காலத்திற் குறிக்கலாயிற்று.

1348இல் இங்கிலாந்தை அடைந்த கொள்ளைநோயின் பின்னர் உழைப்போர் தொகை அருகியது, கூலி உயர்ந்தது. அதனைப் பழைய மட்டத்திலே கட்டுப்படுத்த 1351இல் இயற்றப்பட்ட சட்டம், 'லேபரர்' சட்டமென்றே வரலாற்றிற் பெயர்பெற்றது. 1776இல் அடம் சிமித்தின் 'நாடுகளின் செல்வம்' வெளிவந்தபோது, 'லேபர்' பொருளியலின் அடிப்படைக் கருத்துக்களுள் ஒன்றாகிவிட்டது.

இவ்வேறுபாட்டைக் கோட்பாட்டு நிலையில் வரையறுத்தவர் ஏங்கெல்ஸ். 'மூலதனம்' முதற் பாகத்தின் நான்காவது ஜேர்மன் பதிப்பிலே (1890) அவர் சேர்த்த அடிக்குறிப்பு, பயன்பெறுமானத்தை ஆக்குவதை 'வேர்க்' எனவும், பெறுமானத்தை ஆக்குவதை 'லேபர்' எனவும் பிரித்தது. ஜேர்மன் மொழியின் 'ஆர்பைட்' இரண்டையும் ஒருசேரக் குறிப்பதாகும். எனினும் மக்கள் வழக்கு இவ்வரையறைக்கு முற்றாக அடங்கவில்லை. கூலிக்கு உழைக்கும் வர்க்கத்தைச் சுட்டும் ஆங்கிலத் தொடர் 'வேர்க்' அடியாகப் பிறந்தது. 1906இல் பாராளுமன்றக் கட்சியோ 'லேபர்' என்னும் பெயரை ஏற்றது.

வீட்டுப்பணியை நோக்கும்போது இவ்வேறுபாட்டின் சமூகப் பயன் தெளிவாகின்றது. அதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் 'ஹவுஸ்வேர்க்'. சந்தையில் விலைபோகாத அப்பணியை 1970களில் மார்க்சியப் பெண்ணிலைவாதிகள் 'லேபர்' என்னும் சொல்லாற் குறித்து ஆராய்ந்தமை, மூலதனத்துக்கு அது ஆற்றும் பங்கினை வெளிக்கொணரும் முயற்சியாகும். 2013இல் சர்வதேசத் தொழிற் புள்ளிவிபரவியலாளர் மாநாடு ஊதியமற்ற வீட்டுப்பணியை 'வேர்க்' என ஏற்றது. ஆயினும் அப்பணி மட்டுமே செய்து, வேறு தொழில் தேடாதிருப்பவளை அதன் வரையறை 'லேபர்' படையினுட் சேர்ப்பதில்லை.

தமிழிலே 'லேபர்' உழைப்பென்றும் 'வேர்க்' வேலையென்றும் பெயர்த்துவிட்டு அமைவது போதாது. நம் பேச்சுவழக்கிற் சம்பளத்தோடு பிணைந்து நிற்பது 'வேலை'யே. நாள் முழுதும் வீட்டில் உழைப்பவளை 'வேலைக்குப் போகாதவள்' என்கிறோம். சொற்களை ஒப்பிடுவோர், எவருடைய உழைப்பை அவை மறைக்கின்றன என்பதையும் ஆராய்தல் வேண்டும்.