கேட்டுக்குக் கீழ்ப்புறம்

தஞ்சாவூரில் சாந்தப்பிள்ளை கேட் என்றால் இன்றைக்கு மேம்பாலம். கேட் பெயரில் மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பாலத்தின் மேலே பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு எங்க ஊர் ரயில்வே கேட் ஞாபகம்தான் வரும்.

நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861இல் ரயில் வந்தது. மறுவருஷம் திருச்சி வரைக்கும் நீண்டது. முதலில் அகலப்பாதை, 1875இல் மீட்டர்கேஜ், நம் காலத்தில் மறுபடியும் அகலப்பாதை. இதெல்லாம் ரயில்வே வரலாற்றில் இருக்கிறது.

அதில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அடிமையை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்ற இந்தியத் தண்டனைச் சட்டம் 1862 ஜனவரி 1இல் அமலுக்கு வந்தது. ஆக ரயிலும் அந்தச் சட்டமும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தஞ்சைக்கு வந்தன. ரயில் ஓடியது. சட்டம் மிராசுதார் வாசலோடு நின்றுவிட்டது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வர 1952 ஆனது. அதுக்குப் பிறகும், கூலி உயர்வு கேட்ட சனங்களில் 44 பேரை 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள்.

ரயில் நமக்குச் செய்தது ஒன்று உண்டு. ஓடிப்போக வழி. பண்ணையை விட்டு நாகப்பட்டினம் போனவன் பினாங்குக் கப்பல் ஏறினான். அங்கேயும் ஒரு கங்காணி காத்திருந்தான் என்பது வேறு கதை.

எங்க ஊரில் கேட்டுக்கு மேல்புறம் ஊர், கீழ்ப்புறம் சேரி. கேட் சாத்தினால் ஆண்டை வில்வண்டியும் நிற்கணும். “ஆண்டைய நிறுத்துற சாமி அந்தக் கேட்டு ஒண்ணுதான்டா” என்று அப்பாயி சொல்லும். ஆனால் நின்ற இடம் ஒன்றல்ல. வண்டி ரோட்டில் நிற்கும். நம்ம சனம் சரிவில், துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கும்.

அப்பாயி செத்தப்போ ஊர்த்தெரு வழியாகப் பாடை போகக்கூடாது என்றார்கள். தண்டவாளத்து ஓரமாகவே, ஜல்லியில் கால் இடறத் தூக்கிக்கொண்டு போனோம். ரயில் வந்தப்போ சரிவில் இறக்கிவைத்தோம். ரயில் போனதும் மறுபடி தூக்கினோம். அன்றைக்குக் கேட் திறந்தேதான் கிடந்தது.

கேட்டுகள் போய்ப் பாலங்கள் வருவது நல்லதுதான். ஆனால் எங்களை மறித்தது அந்தக் கட்டை இல்லை.

தோழர்களே, உங்க ஊரில் பாடை எந்த வழியாகப் போனது என்று பெரியவங்களைக் கேட்டு எழுதுங்கள். தஞ்சாவூர் வரலாறு அந்த வழியிலும் கிடக்கிறது.