ஏழு ராஜாவும் இல்லை, சிவப்புப் பாலமும் இல்லை

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. டெசர்ட்டேஷன், பார்ட் டைம் வேலைன்னு ஆணி அதிகம். நடுவுல கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சதால ஒரு வரலாற்றுப் பதிவு. கொட்டாவி வந்தா கம்பெனி பொறுப்பல்ல.

நான் தங்கியிருக்கிற ஊருக்குப் பெயர் செவன் கிங்ஸ். கிழக்கு லண்டனில் ரெட்பிரிட்ஜ் என்கிற பரோவுக்குள் வருகிறது. (பரோ என்றால் தனி நகரசபை மாதிரி. லண்டனில் இப்படி 32 இருக்கு.) அம்மாவிடம் போனில் பெயரைச் சொன்னதும், "ஏழு ராஜாவா? பேரு நல்லாத்தான்டா இருக்கு, அரண்மனை ஏதும் இருக்கா?" என்று கேட்டார். நான் இருப்பது மாடியில் ஒரு பாக்ஸ் ரூம். கட்டிலைப் போட்டால் கதவு முழுசாத் திறக்காது. அரண்மனைதான் :)

வீட்டுக்காரர் ஈழத்தமிழர், வடமராட்சிக்காரர். 1987இல் ஈஸ்ட் ஹாமுக்கு வந்து, பெட்ரோல் ஸ்டேஷனில் ராத்திரி ஷிப்ட் பார்த்து, 1999இல் இந்த வீட்டை வாங்கியவர். தங்கமான மனுஷர். ஞாயிற்றுக்கிழமை என்றால் கூப்பிட்டு பிளேன் டீ கொடுப்பார். போன ஞாயிறு ஜன்னல் வழியா ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"தம்பி, நான் இஞ்ச வரேக்க இந்த ரோட்டு எவ்வளவு அமைதி தெரியுமோ? இப்ப வாற ஆக்களால எல்லாம் கெட்டுப் போச்சுது. ஒரு வீட்டுக்குள்ள பத்துப் பேர் இருக்கினம். குப்பையக் கொண்டந்து ரோட்டில போடுகினம்."

அவர் கை காட்டின வீட்டில் ருமேனியாக்காரர்கள் இருக்கிறார்கள். அடுத்த வீட்டில் நம்ம ஊர் ஸ்டூடண்ட்ஸ், ஆந்திரா, குஜராத், தமிழ்நாடு எல்லாம் கலந்து. "ஒரு வீட்டுக்குள்ள பத்துப் பேர்" என்கிற கணக்கில் அடியேனும் உண்டு என்பதால் டீயைக் குடித்துவிட்டு மெதுவாக நழுவிவிட்டேன். ஆனால் விஷயம் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. இந்த ஊர் முன்னாடி எப்படித்தான் இருந்தது? யாருடைய ஊர் இது?

இல்ஃபோர்ட் மத்திய நூலகத்தில் ஒரு மாடியில் ரெட்பிரிட்ஜ் அருங்காட்சியகமும் இருக்கு. வெளியில் குளிர், உள்ளே ஓசி ஹீட்டர். ரெண்டு நாள் அங்கேயே உட்கார்ந்தாச்சு.

முதல் அதிர்ச்சி: ஏழு ராஜாக்கள் கிடையவே கிடையாது.

ஏழு சாக்ஸன் ராஜாக்கள் இந்த வழியாகப் போனபோது, இங்கிருந்த ஓடையில் குதிரைகளுக்குத் தண்ணி காட்டினார்கள் என்பது கதை. ஓடை என்னவோ உண்மை, செவன் கிங்ஸ் வாட்டர் என்ற பெயரோடு இன்னமும் ஓடுது. ராஜாக்கள்தான் டூப்பு. 1285ஆம் வருஷத்து ஆவணத்தில் இந்த ஊர் 'செவெகிங்ஸ்' என்கிற மாதிரி ஒரு எழுத்துக்கூட்டலில் வருகிறது. சியோஃபெகா என்று ஒருத்தர், அவருடைய ஆட்கள் குடியிருந்த இடம் என்று பொருள். நம்ம பாஷையில் சொன்னால் 'சியோஃபெகா வகையறா'. பக்கத்து ஊர் பார்க்கிங் கூட அப்படித்தான், பெரிக்கா என்கிறவரின் வகையறா. பழைய வார்த்தை காதுக்குப் புரியாமல் போன பிறகு, ஜனங்க தங்களுக்குப் புரிகிற மாதிரி 'செவன் கிங்ஸ்' ஆக்கிவிட்டார்கள். அப்புறம் பெயருக்கு ஏத்த மாதிரி ஒரு கதை.

எனக்கு இது புதுசில்லை. எங்க ஊர் வேதாரண்யம் பக்கம். மரை என்றால் மான். மான்கள் திரிந்த மரைக்காடு, ஒரு எழுத்து மாறி மறைக்காடு ஆகி, மறை என்றால் வேதம்தானே என்று வேதாரண்யம் ஆயிடுச்சு என்று சொல்பவர்கள் உண்டு. அங்கே மான் வேதமாச்சு, இங்கே ஒரு குடும்பஸ்தன் ஏழு ராஜா ஆயிட்டான்.

சரி, இந்த சியோஃபெகா வகையறா யாரு? ஆங்கிலோ சாக்ஸன்கள். அவர்களின் முன்னோர் 5ஆம் நூற்றாண்டிலிருந்து, இன்றைய வட ஜெர்மனி, டென்மார்க் பக்கமிருந்து கடல் தாண்டி வந்து குடியேறியவர்கள். ஆக, ஊரின் பெயரே வந்தேறிகளின் பெயர்! அவர்களுக்கு முன்னாடியே ரோமானியர்கள் வந்து லண்டனிலிருந்து கோல்செஸ்டருக்கு ரோடு போட்டிருந்தார்கள். அந்த ரோட்டின் தடத்தில்தான் இன்றைக்கும் ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து ரோம்ஃபோர்டுக்கு 86ஆம் நம்பர் பஸ் போகுது. நான் தினமும் நின்றுகொண்டே போகிற பஸ்.

ரெண்டாவது அதிர்ச்சி: பரோவின் பெயரில் இருக்கும் பாலமும் கிடையாது. ரோடிங் ஆற்றின் மேல் சிவப்புச் செங்கல் பாலம் ஒன்று இருந்தது. 1921இல் இடித்துவிட்டார்கள். 1965இல் இல்ஃபோர்ட், வான்ஸ்டெட் - வுட்ஃபோர்ட், அதோட டாகன்ஹாம், சிக்வெல் இவற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் வெட்டி ஒட்டி ஒரு பரோ செய்தபோது, 44 வருஷம் முன்னாடி இடித்த பாலத்தின் பெயரை வைத்தார்கள். இல்லாத ராஜாக்கள், இல்லாத பாலம். நல்ல முகவரிதான் நமக்கு.

இப்ப வீட்டுக்காரர் சொன்ன "அமைதியான ரோடு" மேட்டருக்கு வருவோம்.

19ஆம் நூற்றாண்டின் கடைசி வரை செவன் கிங்ஸ் வெறும் வயல்காடு. 1891இல் மொத்த இல்ஃபோர்டிலும் 11 ஆயிரம் பேர்தான். 1901இல் 41 ஆயிரம். 1911இல் 78 ஆயிரம். இருபது வருஷத்தில் ஏழு மடங்கு! இன்றைக்கு இப்படி நடந்தால் பத்திரிகைகள் என்ன தலைப்பு போடும்னு யோசித்துப் பாருங்க.

இதற்கு முக்கியக் காரணம் ஆர்ச்சிபால்ட் கேமரன் கார்பெட் என்கிற ஸ்காட்லாந்துக்காரர். கிளாஸ்கோவின் எம்.பி., பக்கத்தொழில் லண்டனில் ரியல் எஸ்டேட். 1898 முதல் இங்கே டவுன்ஷால் எஸ்டேட்டைக் கட்டினார். ஆனால் ரயில் நிற்காத ஊரில் எவன் வீடு வாங்குவான்? ரயில் கம்பெனிக்கு உத்தரவாதம் கொடுத்து ஸ்டேஷன் வாங்கினார். 1899இல் செவன் கிங்ஸ், 1901இல் அடுத்த ஸ்டேஷன் குட்மேஸ். குட்மேஸில் கில்மார்ட்டின் ரோடு, ப்ளைத்ஸ்வுட் ரோடு என்று ஸ்காட்லாந்து வாடை வீசும் தெருப்பெயர்கள் இன்னமும் இருக்கு.

அந்த வீடுகளை வாங்கியது யார்? சிட்டியில் வங்கிகளிலும் இன்சூரன்ஸ் ஆபீஸ்களிலும் பேனா பிடித்த குமாஸ்தாக்கள். நெரிசலான ஈஸ்ட் எண்டிலிருந்து தப்பித்து, லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து எட்டு மைல் தள்ளி, முன்னால் ஒரு சின்னத் தோட்டம், பின்னால் ஒரு சின்னத் தோட்டம். ஒரு ஆள் சம்பளம், தவணை முறை, ஒரு வீட்டில் ஒரு குடும்பம். நான் படுத்திருக்கிற பாக்ஸ் ரூம் அந்தக் கணக்கில் கடைக்குட்டிப் பையனுக்கோ டிரங்குப் பெட்டிக்கோ போட்டது.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் அதே ரூட்தான், மேற்கிலிருந்து கிழக்கே. வைட்சாப்பலில் தையல் மெஷின் மிதித்த யூதர்களின் பிள்ளைகள் கொஞ்சம் காசு பார்த்ததும் இல்ஃபோர்ட், கான்ட்ஸ் ஹில் பக்கம் வந்தார்கள். ஒரு காலத்தில் பிரிட்டனின் பெரிய யூதக் குடியிருப்புகளில் ஒன்று இந்த ரெட்பிரிட்ஜ். 2021 கணக்கெடுப்பில் அவர்கள் 2 சதவீத அளவுதான். பெரும்பாலும் எசெக்ஸ், ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் என்று இன்னும் தள்ளிப் போய்விட்டார்கள். அவர்கள் விட்ட இடத்தில் பஞ்சாபிகள், குஜராத்திகள், பாகிஸ்தானியர், வங்கதேசத்தினர். பஸ்ஸில் இல்ஃபோர்டிலிருந்து செவன் கிங்ஸ் வரும்போது இளஞ்சிவப்புக் கல்லில் இழைத்த கரம்சர் குருத்வாரா கண்ணில் படும். முதல் தடவை பார்த்தபோது ராஜஸ்தானுக்கு டிக்கெட் எடுத்துவிட்டோமோ என்று திகைத்துவிட்டேன்.

அப்புறம் நம்மாட்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் முதலில் ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் பக்கம் குடியேறினார்கள். கடை, கோயில், சீட்டு, கல்யாண மண்டபம் எல்லாம் அங்கே. கொஞ்சம் நிமிர்ந்ததும் அதே ரோமானிய ரோட்டில் கிழக்கே இல்ஃபோர்ட், செவன் கிங்ஸ், குட்மேஸ். 2000க்குப் பிறகு பிரான்ஸ், ஜெர்மனி, ஹாலந்து குடியுரிமை வாங்கிய ஈழத்தமிழர்களும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டன் வந்தார்கள். 2021 கணக்கெடுப்பில் ரெட்பிரிட்ஜ் மக்கள்தொகை 3 லட்சத்து 10 ஆயிரம். கிட்டத்தட்ட பாதிப்பேர் ஆசிய வம்சாவளி. முஸ்லிம்கள் 31 சதவீதம், கிறிஸ்தவர்கள் 30, இந்துக்கள் 11.

இன்னொரு கொசுறு. இல்ஃபோர்டின் வாலன்டைன்ஸ் மாளிகையை 1754இல் வாங்கியவர் சார்லஸ் ரேமண்ட், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலின் முன்னாள் கேப்டன். நாம வர்றதுக்கு 200 வருஷம் முன்னாடியே, நம்ம பக்கக் கடலில் சம்பாதித்த காசு இங்கே வந்து செட்டில் ஆயிடுச்சு.

சரி, அப்ப வீட்டுக்காரர் சொன்னது முழுப் பொய்யா? இல்லை. குப்பை உண்மை. ஒரு வீட்டில் பத்துப் பேர் என்பதும் உண்மை. ஆனால் காரணம் வேறு என்று எனக்குத் தோணுது. ஒரு குமாஸ்தா சம்பளத்துக்குக் கணக்குப் போட்டுக் கட்டின வீட்டுக்கு இன்றைக்கு ஐந்து லட்சம் பவுண்டை ஒட்டி விலை. வாடகைக்கு விட்டாலும் ஒரு குடும்பத்துச் சம்பளம் பத்தாது. அதனால் ஹால் ஒரு ரூம் ஆகுது, பாக்ஸ் ரூம் ஒரு ரூம் ஆகுது, தோட்டத்து ஷெட்டில்கூட ஆளைப் படுக்க வைக்கிற கூத்தும் நடக்குது. எலிசபெத் லைன் 2022இல் வந்து சிட்டி கிட்டக்க ஆனதும் கிராக்கி இன்னும் கூடிப்போச்சு. பத்துப் பேர் போடுகிற குப்பைக்கு, ஒரு குடும்பத்தை நினைத்துக் கட்டின வீட்டு வாசலில் எங்கே இடம்? ருமேனியாக்காரனுக்குப் பதிலா அங்கே சியோஃபெகாவே வந்து குடியிருந்தாலும் குப்பை ரோட்டுக்குத்தான் வரும்.

நேற்று ராத்திரி டீயோடு இதையெல்லாம் அங்கிளிடம் சொன்னேன் (வாடகை பற்றிய பகுதியைக் கொஞ்சம் சாஃப்டா). ராஜாக்கள் இல்லை என்றதும் ரொம்ப வருத்தப்பட்டார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"நான் வீடு வாங்கேக்க பக்கத்து வீட்டில ஒரு வெள்ளைக்காரக் கிழவி இருந்தவ. நல்ல மனுஷி. பிள்ளையளுக்குக் கேக் எல்லாம் தருவா. ஆறு மாசத்தில வீட்டை வித்துப்போட்டுப் போயிட்டா. ஏனெண்டு கேட்டன். 'ஏரியா மாறிப் போச்சு'ண்டு சொன்னவ. எனக்குத்தான் சொல்லுறா எண்டு அவவுக்கு விளங்கேல்லை."

ரெண்டு பேரும் ஒண்ணும் பேசலை. அவர் ஊர் பருத்தித்துறைக்கும் என் ஊர் வேதாரண்யத்துக்கும் நடுவில் ஒரு துண்டுக் கடல்தான். அந்தக் கடலைத் தாண்டி ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க, ரெண்டு பேரும் சியோஃபெகா வீட்டு வாசலுக்கு வர வேண்டியிருந்திருக்கு.

கப்பைக் கழுவ எழுந்தபோது பின்னாலிருந்து குரல்: "ஆனா தம்பி, குப்பையை ரோட்டில போடுறது பிழைதானே?"

பிழைதான் அங்கிள். நாளைக்கு பின் எடுக்கிற நாள். எங்க பையை நானே கொண்டுபோய் வைக்கிறேன், அப்படியே பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்லிட்டு வர்றேன்னு ஒத்துக்கிட்டேன்.

உங்க ஊர்ப் பெயருக்கும் இப்படி ஒரு டூப்புக் கதை கண்டிப்பா இருக்கும். தெரிஞ்சவங்க எடுத்து விடுங்க மக்கா. சியோஃபெகாவுக்குத் துணை வேணும்.