படம் கீறச் சொன்னார்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளோடு பழகும் எல்லோருக்கும் உரிய விடயம் என்பதால் பொறுமையாக வாசியுங்கள்.

2004 டிசம்பர் 26. நிலாவெளிக் கரைக்குள் கடல் வந்த நாள். அன்று நாங்கள் பாடசாலைப் பிள்ளைகள். முகாமுக்கு வந்த ஒரு குழு கலர் பென்சில் தந்து படம் கீறச் சொன்னது. அலையைக் கீறினோம். பெயரை எழுதிக்கொண்டு போனார்கள். பிறகு இன்னொரு குழு. அதே பென்சில், அதே அலை.

வாப்பாமாரின் கவலையோ வேறு. தோணி இல்லை, வலை இல்லை. வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசு அறிவித்திருந்தது. தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர். மீன்பிடித்துப் பிழைக்கிறவர் எங்கே போவது? இதைப் பற்றி அந்தக் குழுக்கள் எங்களிடம் கேட்கவில்லை.

வந்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. கையில் இருந்த கோட்பாட்டின்படி நடந்தார்கள். ஆசிரியர் கலாசாலையில் படித்தபோதுதான் அது எங்களுக்கு விளங்கியது.

சமூகப் பணிக்குத் தொடக்கம் முதலே இரண்டு பாதைகள். 1889 இல் சிக்காகோவில் ஜேன் அடம்ஸும் அவரது தோழியும் ஏழைகளின் தெருவிலேயே 'ஹல் ஹவுஸ்' என்ற வீட்டைத் திறந்து அங்கேயே குடியிருந்தார்கள். குப்பை, சிறுவர் உழைப்பு என்று தெருவின் பிரச்சினைகளையே கையில் எடுத்தார்கள். 1917 இல் மேரி ரிச்மண்ட், ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியே விசாரித்து உதவும் முறையை நூலாக எழுதினார். குடும்பத்தையும் அயலையும் பார்க்கச் சொன்னவர்தான் அவரும். பின்வந்தோர் பலர் உளவியல் பக்கம் சாய்ந்ததால், குறையை ஆளுக்குள்ளேயே தேடும் பழக்கம் வளர்ந்தது.

1979 இல் யூரி புரொன்பென்பிரனர் வேறு கண்ணாடியைத் தந்தார். பிள்ளையைச் சுற்றி வீடு, பாடசாலை, பெற்றோரின் தொழில், அரசின் சட்டம் என வட்டம் வட்டமாக உலகம் இருக்கிறது. ஒன்று உடைந்தால் பிள்ளையும் ஆடும் என்றார். எங்கள் முகாமுக்கு அது அப்படியே பொருந்தும். 200 மீற்றர்ச் சட்டமும் எங்கள் நித்திரையைக் கெடுத்த ஒன்றுதான்.

படம் கீறுவதும் பிழையல்ல. மட்டக்களப்பில் 1996 முதல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, போரைக் கண்ட பிள்ளைகளுக்கு விளையாட்டும் கலையும் கொடுத்தது. ஆனால் அங்கே பிள்ளைகள் திரும்பத் திரும்ப வந்தார்கள். தெரிந்த முகங்கள் கூட இருந்தன. ஒருநாள் வந்து படம் வாங்கிப் போவதும் அதுவும் ஒன்றல்ல.

2007 இல் சர்வதேச உதவி அமைப்புகள் சேர்ந்து ஒரு வழிகாட்டி வெளியிட்டன. அதில் நான்கு படிகள். அடிப்படையில் உணவும் பாதுகாப்பும். அதன் மேல் குடும்பமும் ஊரும். பிறகு பயிற்சி பெற்றோரின் உதவி. உச்சியில், தேவையான சிலருக்கு மாத்திரம், நிபுணர் சிகிச்சை. முகாமில் நாங்கள் பார்த்தது தலைகீழ்.

எங்களைத் தேற்றியது எது என்று இன்று யோசித்தால், பொதுச் சட்டியில் சமைத்த சோறு, மறுபடி ஓதப் போனது, மறுபடி அடித்த பாடசாலை மணி.

இப்போது நாங்கள் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறோம். பின்வாங்கில் தூங்கும் பிள்ளையை "படிப்பு ஏறாது" என்று சொல்ல வாய் வருகிறது. அதற்கு முன் ஒரு கேள்வி கேட்போம்: வாப்பா கடலுக்குப் போன இரவு, உம்மாவுக்குக் காய்ச்சல் என்றால், தம்பியைப் பார்த்துக்கொண்டது யார்?

பதில் கிடைத்தால், பேச வேண்டியது பிள்ளையோடு மட்டுமல்ல, அடுத்த வீட்டோடும்தான்.