கல்வெட்டும் கழனியும்
பாகூர், வில்லியனூர் வீதிகளிலிருந்து சில சிந்தனைகள்

அத்தேனே பட்டணத்தில் பவுல் அப்போஸ்தலன் ஆற்றிய சொற்பொழிவைக் குறித்து நம் பிரசங்க பீடங்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். அதற்கு முன் அவர் செய்த காரியத்தைக் குறித்து அவ்வளவாகக் கேட்பதில்லை. அவர் அந்நகரின் வீதிகளில் நடந்தார். மக்கள் வழிபடும் இடங்களைப் பார்த்தார். ஒரு பலிபீடத்தின்மேல் எழுதியிருந்ததை நின்று வாசித்தார். அங்குள்ள விக்கிரகங்களைக் கண்டு அவருடைய ஆவி கொதித்தது என்பதை அப்போஸ்தலருடைய நடபடிகள் 17ஆம் அதிகாரம் மறைக்கவில்லை. ஆயினும் அந்தக் கொதிப்பு அவர் கண்களை மூடிவிடவில்லை. தாம் வாசித்த அந்த எழுத்திலிருந்தே அவர் பேசத் தொடங்கினார்.

தமிழ்நாட்டிலும் புதுவையிலும் ஊழியம் செய்யும் நம்மில் அநேகர் நாள்தோறும் ஏதேனும் ஒரு கோபுரத்தைக் கடந்தே ஆலயத்துக்குச் செல்கிறோம். அக்கோயிலின் அடித்தளத்தில் வெட்டப்பட்டிருக்கும் ஒரு வரியையேனும் நின்று வாசித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஆயர்கள் சிலரும் இறையியல் மாணவர் சிலருமாக நாம் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களின் பழைய வீதிகளையும் கோயில்களையும் நடந்து பார்த்தபோது எழுந்த கேள்வி இதுவே. அங்கே கண்டவற்றுள் நம் தொழிலுக்கு, அதாவது இறைவனைப் பற்றிய அறிவைக் கற்பிக்கும் தொழிலுக்கு, நேராகத் தொடர்புள்ள சிலவற்றை மட்டும் இங்கு எழுதுகிறோம்.

1. இரண்டு ஊர்கள்

வில்லியனூர் புதுவை நகருக்கு மேற்கே, சங்கராபரணி ஆற்றின் அருகே உள்ளது. பாகூர் தெற்கே, தென்பெண்ணையாற்றுப் பாசனத்தில் அமைந்தது. இரண்டும் நெல் விளையும் பூமி. இவ்வூர்களின் பெயர்கள் ஐரோப்பிய அரசுகளின் உடன்படிக்கைகளிலும் இடம் பெற்றுள்ளன. 1752இல் பாகூரில் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் தலைமையில் வந்த ஆங்கிலேயர், பிரெஞ்சுப் படையை முறியடித்து, அதன் தலைவரும் துய்ப்ளேயின் உறவினருமான கெர்ழானைச் சிறைப்பிடித்தனர். 1783ஆம் ஆண்டு வெர்சாய் உடன்படிக்கையில், புதுச்சேரியைச் சூழ்ந்த நிலமாக வில்லியனூர், பாகூர் என்னும் இரு வட்டாரங்களையும் பிரெஞ்சுக்காரருக்குப் பெற்றுத் தருவதாக ஆங்கில அரசர் ஒப்புக்கொண்டார். கடற்கரை நகரத்துக்குச் சோறு வேண்டும். அச்சோறு இவ்விரு ஊர்களின் கழனிகளில் விளைந்தது. 1880ஆம் ஆண்டு ஆணையின்படி இரண்டும் தனித்தனிக் கொம்யூன்களாயின.

ஆனால் பிரெஞ்சுக்காரர் வருவதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னமே இக்கழனிகளின் நெல் வேறொரு காரியத்துக்கு அளக்கப்பட்டது. அக்காரியம் கல்வி.

2. பாகூர்ச் செப்பேடு

1879இல் பாகூரில் ஐந்து செப்பேடுகள் கிடைத்தன. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய கி.பி. 877இல், வழங்கப்பட்டவை அவை. ஒரு பகுதி வடமொழியிலும் ஒரு பகுதி தமிழிலும் எழுதப்பட்டுள்ளன. நிலைதாங்கி என்னும் தலைவன் வேண்டிக்கொண்டதன்பேரில், சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்களை மன்னன் கொடையாகக் கொடுத்தான் என்பது செய்தி. கொடை பெற்றது வாகூரிலிருந்த வித்தியாஸ்தானம், அதாவது கல்விச்சாலை. வாகூர் என்பதே இன்றைய பாகூர். இக்கொடைக்கு வித்தியாபோகம் என்று பெயர்.

செப்பேட்டுப் புலவர் அக்கல்விச்சாலையைப் புகழ எடுத்துக்கொண்ட உவமை நம் சிந்தனைக்குரியது. கங்கையைத் தன் சடையில் தாங்கும் இறைவனைப் போல, பெருகி வரும் கல்வி ஆற்றை இவ்வூர் தாங்குகிறது என்ற பொருள்பட அவர் பாடுகிறார். கல்வியைத் தாங்குவது ஊரே என்பது இதனால் விளங்கும். ஆசிரியனின் புகழையோ அரசனின் பெருமையையோ மட்டும் நம்பி ஒரு கல்விச்சாலை நிலைக்காது. அதைச் சுமக்க ஓர் ஊர் வேண்டும் என்பதை ஒன்பதாம் நூற்றாண்டினர் அறிந்திருந்தனர்.

பாகூரிலுள்ள மூலநாதர் கோயில் சோழர் காலக் கற்றளி. இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அளவில் பெரிதன்று; ஆனால் அதன் அடித்தளத்தைச் சுற்றி வருவோர்க்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட அரசியல் வரலாறு எழுத்தாகவே கிடைக்கிறது. சோழ மன்னர் கல்வெட்டுகளோடு, 949இல் தக்கோலத்தில் சோழரை வென்ற இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் கல்வெட்டுகளும் அங்குள்ளன. அவன் கன்னரதேவன் என்று அவற்றில் பெயர் பெறுகிறான். அரசுகள் மாறின, ஊர்ச்சபை தொடர்ந்து கூடியது, கொடைகள் தொடர்ந்து பதிவாயின. கோயிலைவிட்டு வெளியே வந்தால் ஏரி. புதுவையில் ஊசுடு ஏரிக்கு அடுத்த பெரிய ஏரி இதுவே. பெண்ணையாற்று நீர் பங்காரு வாய்க்கால் வழியாக இதற்கு வந்து சேருகிறது. இந்நீரையும், இதனால் விளையும் நெல்லையும் நினையாமல் அக்கல்விச்சாலையை நினைக்க முடியாது.

3. திருபுவனைக் கல்வெட்டு

வில்லியனூருக்கு மேற்கே விழுப்புரம் சாலையில் உள்ள திருபுவனையில் வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது. முதலாம் இராஜாதிராஜனின் முப்பதாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, அதாவது 1048ஆம் ஆண்டைச் சேர்ந்த, கல்வெட்டொன்று இங்குள்ளது. 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் அடங்கிய கல்லூரியை நடத்துவதற்குரிய ஏற்பாட்டை இக்கல்வெட்டு கூறுகிறது. 72 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது. அதிலிருந்து ஆண்டுக்கு 12,000 கலத்துக்கு மேற்பட்ட நெல் வரவேண்டும். இருக்கு, யசுர், சாமம் ஆகிய வேதங்களுடன் வேதாந்தம், இலக்கணம், பாரதம், இராமாயணம், மனு சாத்திரம், வைகானச சாத்திரம் முதலியன பாடங்களாயிருந்தன. ஆசிரியரும் மாணவரும் ஊர்ச்சபையின் வாரிய வேலைகளிலிருந்து விலக்குப் பெற்றிருந்தனர்.

இது தனித்த நிகழ்ச்சியன்று. விழுப்புரம் பக்கத்திலுள்ள எண்ணாயிரத்தில் முதலாம் இராஜேந்திரன் காலத்தில் 340 மாணவர்க்கும் 14 ஆசிரியர்க்கும் 45 வேலி நிலம் விடப்பட்டிருந்தது. நமது இறையியற் கல்லூரிகளின் மாணவர் எண்ணிக்கையோடு இவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால், அக்காலச் சமுதாயம் சமயக் கல்விக்காக எவ்வளவு ஒதுக்கிற்று என்பது புலப்படும். ஆசிரியர் எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு நெல் என்றெல்லாம் திட்டமாக வரையறுத்து, எவரும் மாற்றிவிடாதபடி கல்லிலே வெட்டி வைத்தார்கள். நமது சங்கங்களின் வரவுசெலவுத் திட்டத்தில் இறையியற் கல்விக்குரிய வரி எந்த இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பார்ப்பது நலம்.

4. வில்லியனூரின் வீதிகள்

வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயில் ஊரின் நடுவே நிற்கிறது. வில்வ மரங்கள் நிறைந்த வில்வநல்லூர் என்பதே வில்லியனூர் ஆயிற்று என்பர். தேர்த் திருவிழாவில் புதுவையின் ஆளுநர் வடம் பிடிப்பது பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்தே வரும் வழக்கம். சமயச் சார்பற்றதென்று சொல்லிக்கொண்ட ஓர் ஆட்சியின் பிரதிநிதி சிவன் கோயில் தேர் வடத்தைத் தொட்டார் என்பது, இந்நாட்டில் ஊரும் சமயமும் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பதற்குச் சான்று.

அதே ஊரில் தூய லூர்து அன்னையின் திருத்தலம் உள்ளது. பிரான்சு நாட்டின் லூர்து நகரில் 1858இல் காட்சி நிகழ்ந்ததாகக் கத்தோலிக்கர் நம்புகின்றனர். இருபது ஆண்டுகள் நிறைவதற்குள், 1877இல், அவ்வன்னையின் சுரூபம் பிரான்சிலிருந்து வில்லியனூருக்கு வந்து சேர்ந்தது. ஆலயத்தின் எதிரே ஒரு திருக்குளம் உண்டு. கோயிலுக்கு எதிரே குளம் என்ற தமிழ் மரபு அங்கும் விளங்குகிறது. கிறிஸ்தவரல்லாதாரும் அக்குளக்கரைக்கு வருகின்றனர். சற்றுத் தொலைவில் சுல்தான்பேட்டையில் இசுலாமியர் வாழ்கின்றனர். மரியாள் வணக்கத்தைக் குறித்து நம் சீர்திருத்த மரபின் நிலை நாம் அறிந்ததே. எனினும் ஓர் ஊரின் நடைபாதைக்குள், குளத்துக்குள், திருவிழா நாட்காட்டிக்குள் புகுந்து வேரூன்றிய ஒரு திருச்சபையைப் பார்க்கும்போது, ஊர் ஓரத்தில் மதிலெழுப்பி நிற்கும் நம் வளாகங்களைக் குறித்தும் சில கேள்விகள் எழாமல் இல்லை.

5. வீதிக்கு வெளியே இருந்தவர்கள்

பழைய கோயில் வீதிகளின் அமைதி மனதைக் கவருகிறது. அந்தக் கவர்ச்சியில் நின்றுவிடுவோமானால் நாம் பாதியையே வாசித்தவர்களாவோம். எங்களுடன் வந்த மாணவர் ஒருவர் பாகூரில் கேட்ட கேள்வி இது: "ஐயா, இந்த நிலத்தில் நாற்று நட்டவர்களின் பிள்ளைகள் அந்தக் கல்லூரியில் படித்தார்களா?"

படிக்கவில்லை என்பதே விடை. அங்குக் கற்பிக்கப்பட்டது வேதம். வேதத்தைக் கேட்கும் உரிமையையே சூத்திரருக்கும் பெண்களுக்கும் மறுத்தன தரும சாத்திரங்கள். திருபுவனையில் பாடமாயிருந்த மனு சாத்திரமும் அவற்றுள் ஒன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் முதலாம் இராஜராஜன் கல்வெட்டுகளில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்னும் சொற்கள் வெளிப்படையாகவே வருகின்றன. கல்வெட்டு எழுதப்பட்ட காலத்திலேயே சேரி பிரிக்கப்பட்டிருந்தது. 12,000 கலம் நெல்லை விளைவித்த கைகளின் பெயர்களைத் திருபுவனைக் கல்வெட்டில் தேடினால் கிடைக்கமாட்டா.

இதைச் சொல்லிவிட்டு மற்றவரைக் குற்றஞ்சாட்டி வீடு திரும்ப நமக்கு உரிமை இல்லை. புதுச்சேரியின் சம்பாக் கோயிலுக்குள்ளேயே சாதிக் கிறிஸ்தவரையும் தாழ்த்தப்பட்டோரையும் பிரித்த சுவரொன்று இருந்ததையும், 1745இல் அதுபற்றி எழுந்த கலகத்தையும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பதிவு செய்துள்ளது. அது கத்தோலிக்கர் வரலாறு என்று நாம் தள்ளிவிடலாகாது. தரங்கம்பாடி மரபில் வந்த நம் சபைகளிலும் தனித்தனி இருக்கைகள் இருந்தன. கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் 1833இல் திருச்சபைக்குள் சாதி வேறுபாடு இருக்கலாகாது என்று சுற்றறிக்கை விடுத்தபோது, அதை எதிர்த்துச் சபையைவிட்டு விலகியவர்கள் நம் முன்னோரிலும் உண்டு. கல்வெட்டில் காணும் சேரி நம் கல்லறைத் தோட்டங்களிலும் தொடர்ந்தது.

6. நமக்குரிய பாடம்

பாகூருக்குத் தெற்கே பெண்ணையாற்றைக் கடந்தால் கடலூர். 1733இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழ்ச் சீர்திருத்தக் குருவானவரான ஆரோன் பிறந்த ஊர் அது. அவருக்கு முன்னே சீகன்பால்கு தமிழரிடம் கடிதம் வாயிலாகக் கேள்விகள் கேட்டு, அவர்களுடைய விடைகளைத் தொகுத்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு நூலையே எழுதினார். ஐரோப்பாவிலிருந்த அவருடைய மேலாளர்கள் அதை அச்சிட விரும்பவில்லை. 1867இல்தான் அது அச்சேறியது. கேட்டறிவதும் பார்த்தறிவதும் நமது மரபின் தொடக்கத்திலேயே இருந்தன. பிற்காலத்தில் நாமே அவற்றைக் கைவிட்டோம்.

ஆகவே மாணவர்க்கு நாம் சொல்வது இதுதான். உங்கள் சேகரத்திலுள்ள பழங்கோயிலை நண்பர்களோடு சென்று பாருங்கள். போவதற்குமுன் அதன் கல்வெட்டுப் பாடத்தை அச்சில் வாசியுங்கள். புதுவைப் பகுதிக்குப் பாகூர்ப் புலவர் சு. குப்புசாமி பல ஆண்டுகள் உழைத்துத் திரட்டிய கல்வெட்டுகள் 2006இல் நூலாக வெளிவந்துள்ளன. அவ்விடத்தாரிடம் அனுமதி பெற்று, காலணி கழற்றி, வழிபடுவோர்க்கு இடையூறின்றி நில்லுங்கள். எழுத்துகளின்மேல் சுண்ணக்கட்டியோ எண்ணெயோ தடவாதீர்கள். விவாதத்தை அன்றைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். பின்னர் அங்கிருந்து சேரிக்கும் நடந்து செல்லுங்கள். ஏரியையும் வாய்க்காலையும் கோயிலையும் குறித்து அங்குள்ள முதியோர் கூறுவதைக் கேளுங்கள். கல்லில் எழுதப்படாத பகுதி அவர்களிடம்தான் இருக்கிறது.

ஆயர்களுக்கு ஒரு சொல். நம் தாய்மார் சோறு சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துச் சபைக்குக் கொண்டுவரும் பிடியரிசிக் காணிக்கையைப் பல சபைகள் இன்றும் அறியும். வித்தியாபோகத்தைவிட அது சிறியது. ஆயினும் அதைவிட மேன்மையானது. ஏனெனில் அந்த அரிசியைக் கொடுக்கும் தாயின் பிள்ளை அதே கல்விச்சாலையில் நுழைந்து, வேதத்தை விரித்து வாசித்து, பிரசங்க பீடத்திலும் ஏறலாம். ஏறுகிறார்களா, ஏற விடுகிறோமா என்பதை ஒவ்வொரு சேகரமும் தன் மாணவர் தேர்வுப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். பாகூரும் திருபுவனையும் நம்மிடம் கேட்பது அதையே.