நாகப்பட்டினம் சூடாமணி விகாரை: இடிக்கப்பட்ட கோபுரமும் தொல்லியல் சட்டமும்

தமிழகப் பௌத்தப் பள்ளிகள் பெரும்பாலும் செங்கல்லால் எழுந்தவை. காவிரிப்பூம்பட்டினத்துப் பல்லவனேசுவரத்தில் 1960களில் நடந்த அகழாய்வு, துறவியர் அறைகளையும் சுண்ணாம்புக்கல் புத்தபாதத்தையும் வெளிக்கொணர்ந்தது. நாகப்பட்டினத்திலோ ஒரு கட்டடம் 19ஆம் நூற்றாண்டு வரை மண்ணுக்கு மேலேயே நின்றது.

ஸ்ரீவிஜய மன்னர் மாறவிசயோத்துங்கவர்மன் எழுப்பிய சூடாமணி விகாரைக்கு, முதலாம் இராசராசன் 1006இல் ஆனைமங்கலத்தின் வருவாயை அளித்ததை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. அவ்வளாகத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கோபுரத்தை 1846இல் வால்டர் எலியட் கண்டார். நான்கு பக்கங்களும் மூன்று நிலைகளும் கொண்ட அதன் செங்கற்கள் சாந்தின்றி நெருக்கி அடுக்கப்பட்டிருந்தன. நிலைகளைக் கொடுங்கை வரிகள் பிரித்தன. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு திறப்பு இருந்தது.

1867இல் சென்னை அரசின் அனுமதியுடன் இயேசு சபையினர் அதனை இடித்தனர். தொல்சின்னங்களுக்கென முழுமையான பாதுகாப்புச் சட்டம் 1904இல்தான் வந்தது. சாதியை மறுத்த பௌத்தமே நம் பழஞ்சமயம் என 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் இயக்கம் தொடங்கியபோது, சான்றாகச் சுட்டிக்காட்ட அக்கோபுரம் இல்லை.

1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறைந்தது 100 ஆண்டுப் பழமையுடைய கட்டுமானம் தொல்சின்னமாகலாம். எனினும், அரசிதழில் அறிவித்த பின்னரே தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததெனும் பாதுகாப்பு கிடைக்கும்.

காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட நாட்டில் சுமார் 100 சங்காராமங்கள் இருந்ததாக 7ஆம் நூற்றாண்டில் சுவான்சாங் எழுதினார். ஆகவே, மானாம்பதி போன்ற காஞ்சிப்புற ஊர்களில் ஏரி தூர்வாரும்போதோ மனை தோண்டும்போதோ பழஞ்செங்கற்களோ சிலைகளோ தென்பட்டால், அவற்றை அகற்றாமல் படமெடுத்து, மாவட்ட ஆட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் எழுத்துமூலம் மனு அளித்து, ஒப்புகைச் சீட்டு பெறுவோம்.