பாபநாசம் – காரையாறு மலைச்சாலை

திருநெல்வேலி மாவட்டம் விக்கிரமசிங்கபுரத்தை ஒட்டிய பாபநாசத்திலிருந்து காரையாறு அணைக்கு ஏறும் மலைச்சாலை. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் ஊடே செல்வதால், பாபநாசம் வனச் சோதனைச்சாவடியில் கட்டணம் வாங்கிக்கொண்டே வண்டிகளை விடுகிறார்கள். நாற்கரச் சாலைச் சுங்கத்தைப் போலச் சாலை போட்ட செலவுக்கான வசூல் அன்று இது. காட்டுக்குள் நுழைவதற்கான கட்டணம். உள்ளூர்க்காரர்களுக்கு இது வெறும் 'செக்போஸ்ட்'. பணம் கட்டியதோடு வேலை முடிவதில்லை. பிளாஸ்டிக், மது இருக்கிறதா என்று பைகளையும் பார்ப்பார்கள்.

1944-இல் இயங்கத் தொடங்கிய பாபநாசம் நீர்மின் நிலையம் இந்த மலைப்பகுதியின் முகத்தை மாற்றியது. காரையாறு அணையின் முழு உயரம் 143 அடி. பின்னர் எழுந்த சேர்வலாறு அணையினுடையது 156 அடி. முண்டந்துறைப் புலிகள் சரணாலயமும் களக்காடு சரணாலயமும் 1988-இல் ஒரே காப்பகமாக இணைக்கப்பட்டன. அணை, கோயில், காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் எல்லாவற்றுக்கும் இதே வழிதான் என்பதால், இதை முழுவதுமாக அடைத்துவிட வனத்துறையால் முடியாது.

வழியில் பெரும்பாலோர் அகத்தியர் அருவியில் குளித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சாலையின் உண்மையான சிறப்பு அதற்கு மேலே, ஆற்றங்கரையில் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயில். பிராமணராகப் பிறந்து, சக்கிலியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்காவை மணந்து, மாடுகளைக் காக்கும் சண்டையில் உயிர்விட்ட முத்துப்பட்டன் இங்கே பட்டவராயனாக வழிபடப்படுகிறார். அவருக்குக் காணிக்கை தோல் செருப்பு. சன்னிதியில் தொங்கும் செருப்புகள் தேய்ந்திருப்பதைக் காட்டி, இரவில் அவர் காட்டைச் சுற்றி வருகிறார் என்பார்கள். ஆடி அமாவாசைக்கு மக்கள் குடும்பத்தோடு ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்குவது வழக்கம். 2020-இல் மறைந்த சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி, அன்று ராஜ உடையில் அமர்ந்து காட்சி தருவார். அண்மைக்காலத்தில் விழா நாட்களில் தனியார் வண்டிகளைக் கீழேயே நிறுத்திவிட்டு, அரசுப் பேருந்தில் ஏற்றி அனுப்புகிறார்கள். நெரிசலைப் பார்த்தவர்கள் இதைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அணைக்கு அப்பால் இருக்கும் பாணதீர்த்தம் அருவி, 'ரோஜா' (1992) படத்தால் பெயர்பெற்றது. நீர்வரத்தையும் வனத்துறை முடிவையும் பொறுத்து அனுமதி மாறும். சாவடியில் கேட்டுக்கொண்டு ஏறுவதே நல்லது. மாலையில் சாவடி அடைபடுவதற்குள் இறங்கிவிட வேண்டும். நவ கைலாயத் தலங்களில் முதலாவதான பாபநாசநாதர் கோயில் சாவடிக்கு முன்பே வந்துவிடுவதால், அங்கே போக இந்தக் கட்டணம் தேவையில்லை.